உயிருக்குத் தீங்கு செய்யாத விஷம்

சோளக்காரர் கேட்டது ஒரு வேலி. அரசாங்கம் கொடுத்தது ஒரு விவாதம்.

வேலி என்றதும் கோட்டை மதிலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பன்றி வந்து முட்டினால் பல்லிளிக்காத கம்பி வேலி, அவ்வளவுதான். அவருடைய நிலம் காட்டை ஒட்டிக் கிடந்தது. காட்டுப் பன்றிகள் அதைத் தங்கள் சாப்பாட்டு அறையாகவே வைத்திருந்தன. தாத்தா பன்றி முன்னால் வரும். பின்னால் மகன்கள், மருமகள்கள், பேரக் குட்டிகள். சில நாள் சம்பந்தி வீட்டுப் பன்றிகளும் வந்ததாகச் சோளக்காரர் சத்தியம் செய்வார். தின்பது கால்வாசி, மிதிப்பது முக்கால்வாசி. போகிற போக்கில் வரப்பில் முதுகைத் தேய்த்துவிட்டு வேறு போகும். அதுதான் அவருக்குப் பொறுக்காது.

"தின்னுட்டுப் போனா பாவம் பசின்னு விட்டுடலாம். முதுகு சொறிஞ்சுட்டுப் போகுதே, அது என்ன திமிரு?"

காவலுக்கு ஒரு நாய் இருந்தது. பெயர் பூட்டு. குரைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. கடிப்பது பற்றி மட்டும் அதற்கு வேறு கருத்து இருந்தது. ஆனால் தின்பதில் கருத்தே கிடையாது. செருப்பு, சோப்பு, சோளக்காரர் சம்சாரத்தின் மூக்குக் கண்ணாடிக் கூடு, எது கிடைத்தாலும் சரி.

சோளக்காரர் பதறியதற்குப் பன்றி பாதிக் காரணம். மீதிப் பாதி மச்சான். சம்சாரத்தின் தம்பி நகரத்தில் டயர்க்கடை வைத்திருந்தான். வரிசையாக விளைச்சல் பன்றி வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததால், "இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தை விட்டுட்டு உங்கிட்டயே வந்துடறோம்டா" என்று சம்சாரம் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மச்சான் அக்கறையாகப் போன் செய்ய ஆரம்பித்தான்.

"மாமா, சோளம் எப்படி இருக்கு?"

"நிக்குது."

"பன்னி?"

"அதுவும் நிக்குது."

"எதுக்கு மாமா இந்த அவஸ்தை? கிளம்பி வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன். டயருக்குக் காத்தடிக்கிறது ஒரு வேலையா? நான் என்ன உங்ககிட்ட முதலாளி மாதிரியா நடந்துக்கப் போறேன்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் சோளக்காரரை உலுக்கும். மாமா என்று கூப்பிடுகிறவன் கடையில், அவன் போட்ட ஸ்டூலில், ஊரான் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு மிச்ச ஆயுள். அதற்குப் பன்றியாகப் பிறந்து தொலைத்திருக்கலாம்; ஒரு சோளக் காடாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே வேலி கேட்டு மனுக் கொடுத்தார். மனு மேலே போனது. மேலே போகப் போகப் பெருத்தது. கீழே அது கோரிக்கை. கொஞ்சம் மேலே பிரச்சினை. இன்னும் மேலே போனதும் நாட்டையே உலுக்கும் நெருக்கடி. இடையூறு நிவாரண அமைச்சரின் மேசையில் போய் இறங்கியபோது அதில் வேலியைக் காணோம். அந்த இடத்தில் விஷம் உட்கார்ந்திருந்தது.

"வேலி போட்டா அது சும்மா நிக்கும்" என்றாராம் அமைச்சர். "விஷம்தான்யா நடவடிக்கை."

இப்படியாகப் பன்றி ஒழிப்பு விஷ மசோதா பிறந்தது. சபை கூடியது. பாதிக்கப்பட்டவர் ஒருவர் நேரில் இருந்தால் விவாதம் களை கட்டும் என்று சோளக்காரருக்கு அழைப்பு வந்தது. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வேலியை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தார், பாவம்.

சபை மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. நாற்காலிகள் எல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தவை. சாட்சியின் நாற்காலி மட்டும் மரம். சபைச் சேவகர் ஒருவர் அவரை அதில் உட்கார வைத்துக் காதோடு சொன்னார்:

"பெரியவரே, இங்க ஒரு மரபு உண்டு. யாராவது 'விவசாயி'ன்னு சொன்னா நீங்க எழுந்து நிக்கணும். கேமரா உங்களைக் காட்டும். அவங்க சொல்லி முடிச்சதும் உக்காந்துக்கலாம்."

"நின்னு கும்பிடணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கொஞ்சம் ஏழ்மையா நின்னா போதும்."

அமைச்சர் பேச எழுந்தார். இங்கே ஒரு சின்ன விவரம். போன ஆட்சியில் இந்த அமைச்சர் எதிர் வரிசையில் இருந்தார். இப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அப்போது அமைச்சர். இதே விஷத்தை அன்று அவர் கொண்டுவந்தார், இவர் எதிர்த்தார். இன்று இவர் கொண்டுவருகிறார், அவர் எதிர்க்கிறார். சபையின் பேச்சு எழுதும் பிரிவு சிக்கனமானது. பழைய பேச்சுகளைத் தூசி தட்டி, இடம் மாற்றி வைத்தால் வேலை முடிந்தது. இந்தத் தடவை தூசி தட்டினார்கள். இடம் மாற்ற மறந்துவிட்டார்கள்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். தாளை விரித்தார். முழங்கினார்.

"இந்த விஷ மசோதா ஒரு கொலைபாதகம்! வாயில்லா ஜீவன்களின் வயிற்றில் நஞ்சைக் கொட்டத் துணிந்த அமைச்சரைக் கேட்கிறேன்: உமக்கு மனசாட்சி உண்டா? விவசாயியின் பெயரைச் சொல்லி," (சோளக்காரர் எழுந்தார்) "விவசாயியின் கண்ணீரைக் காட்டி," (உட்காரப் போனவர் மறுபடி எழுந்தார்) "விவசாயியின் முதுகில் ஏறி நின்று நீர் செய்யும் நாடகம் போதும்! மானம் இருந்தால் இந்த அமைச்சர் இப்போதே பதவி விலகட்டும்!"

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தங்கள் அமைச்சர் பேசினால் தட்ட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். என்ன பேசினார் என்று கேட்டுவிட்டுத் தட்டுவது அவரை நம்பாததற்குச் சமம்.

எதிர்க்கட்சித் தலைவர் கொதித்து எழுந்தார். "நண்பரின் கூற்றை வன்மையாக மறுக்கிறேன்! விஷம் ஒன்றே விவசாயிக்கு வேலி! விஷம் ஒன்றே விவசாயிக்குத் தோழன்! இந்த விஷத்தைக் கொண்டுவந்த அரசை வரலாறு வாழ்த்தும்!"

எதிர் வரிசையிலும் மேசைகள் அதிர்ந்தன. சோளக்காரருக்கு முழங்கால் வலித்தது. 'வேலி' என்ற சொல் காதில் விழுந்ததும் மட்டும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

சபாநாயகர் ஒருவருக்குத்தான் எங்கோ இடித்தது. "மாண்புமிகு அமைச்சர் தம்முடைய பதவி விலகலைத் தாமே கோருகிறாரா?"

அமைச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். கண் இமைக்காமல் சொன்னார்: "ஜனநாயகத்தில் அதற்கும் இடம் உண்டு என்று நாட்டுக்குக் காட்டவே கோரினேன்."

இரண்டு பக்கமும் தட்டினார்கள்.

ஆனால் சபையில் சொன்ன சொல் சொன்னதுதான். திரும்பப் பெறுவது கௌரவக் குறைச்சல். ஆக, அமைச்சர் தன் மசோதாவை எதிர்த்தவராகிவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் அதை ஆதரித்தவராகிவிட்டார். யார் பக்கம் யார் ஓட்டுப் போடுவது என்று உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். இந்த மாதிரி முடிச்சு விழும்போது அவிழ்க்க அந்தச் சபையில் ஒரு பழைய மரபு இருந்தது: மரியாதைத் திருத்தம். உறுப்பினர் ஒவ்வொருவரும் மசோதாவில் தலைக்கு ஒரு திருத்தம் சேர்க்கலாம். அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஒருவர் திருத்தத்தை இன்னொருவர் எதிர்த்தால் நாளை அவர் திருத்தம் விழுந்துவிடுமே! இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சபையில் என்றைக்குமே கட்சி வேறுபாடு இருந்ததில்லை.

"திருத்தங்களுக்கு முன்னால், சாட்சி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார் சபாநாயகர். அதுவும் ஒரு மரியாதைக்குத்தான்.

சோளக்காரர் எழுந்தார். இந்தத் தடவை தானாகவே.

"ஐயா, எனக்கு விஷம் வேண்டாங்க. எங்க வீட்டு நாய் எதைக் கண்டாலும் தின்னுடுங்க. ஒரு வேலி மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"நாய்!" என்று துள்ளி எழுந்தார் எதிர்க்கட்சித் தலைவர். "கேட்டீர்களா அந்த நெஞ்சின் குமுறலை? நாய்க்குத் தீங்கு செய்யாத விஷமாக இருக்க வேண்டும் என்று முதல் திருத்தத்தை முன்மொழிகிறேன்!"

நிறைவேறியது. சோளக்காரர் வாயில் பாதி வேலியோடு உட்கார்ந்தார்.

அடைத்து வைத்த வாய்க்காலில் மண்வெட்டி பட்டதுபோல் ஆனது அதன் பிறகு. நாய்க்கு உண்டென்றால் பூனைக்கு இல்லையா என்றார் பூனை வளர்க்கும் உறுப்பினர். மாடு, ஆடு, முயல், முள்ளம்பன்றி என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. தம்முடைய தொகுதிப் பன்றிகள் பரம சாது என்றும், அட்டகாசம் செய்வதெல்லாம் பக்கத்துத் தொகுதியிலிருந்து வருகிற பன்றிகளே என்றும் ஒருவர் கண் கலங்கினார். அவர் தொகுதிப் பன்றிக்கு விலக்கு. பக்கத்துத் தொகுதிக்காரர் சும்மா இருப்பாரா? அவர் பன்றிக்கும் விலக்கு. பெண் உறுப்பினர் ஒருவர் சினைப் பன்றிக்கும் பால் கொடுக்கும் பன்றிக்கும் பாதுகாப்புக் கேட்டார். சபையிலேயே வயதில் மூத்தவர் தூக்கம் கலைந்து, மூத்த பன்றிகளை மறந்துவிட்டீர்களே என்று தழுதழுத்தார்.

பறவை நேசர் ஒருவர் எழுந்தார். "விஷம் தடவிய சோள மணி பறவையின் கண்ணில் படலாமா? ஆகாது! மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில் புதைத்து வைக்க வேண்டும்!"

நிறைவேறியது.

மருத்துவராக இருந்து உறுப்பினரானவர் சொன்னார்: "குவித்து வைத்தால் பன்றி அவசரத்தில் அள்ளித் தின்று அஜீரணத்துக்கு ஆளாகும். சாணுக்கு ஒரு தானியமாகத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நிதானமாகத் தின்னட்டும்."

நிறைவேறியது.

"தோண்டும்போது மூக்கில் புழுதி ஏறாதா? மண்ணை ஈரமாக வைக்க வேண்டும்." அதுவும்.

"விஷ வாடை சுற்றுச்சூழலைக் கெடுக்கும். மேலே மக்கிய சாணம் தூவ வேண்டும்." அதுவும்.

கடைசியாக, எறும்பு உறுப்பினர் எழுந்தார். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையையே பார்த்து நடக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். இதனால் அவர் முட்டிக்கொள்ளாத தூண் அந்த மண்டபத்தில் இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே மெல்லிய குரலில் கேட்டார்:

"எல்லா உயிரையும் பேசினீர்கள். அந்தச் சோள மணியின் உயிரைப் பற்றி யாராவது பேசினீர்களா? அதுவும் உயிர்தானே? வறுத்தோ அவித்தோ உடைத்தோ அதைக் கொல்லக் கூடாது. விஷத்தில் உள்ள தானியம் உயிரோடு இருக்க வேண்டும்."

சபை உருகிவிட்டது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

மசோதா சட்டமானது. சபையின் ரசாயன நிபுணரைக் கூப்பிட்டுச் சட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, நாயைக் கொல்லக் கூடாது, பூனையைக் கொல்லக் கூடாது, பன்னியையும் கொல்லக் கூடாது, சோளத்தையும் கொல்லக் கூடாது. அப்போ நான் இதுல எதைக் கலக்கறது?"

அமைச்சர் யோசித்தார். "தேனைக் கலந்துடு. விஷம்கற பேரை மட்டும் மாத்திடாதே. அதுக்குத்தான் நாங்க இவ்வளவு போராடினோம்."

பொதுமக்களுக்குப் பயம் நீங்க வேண்டுமென்று அமைச்சர் கேமராக்களுக்கு முன்னால் ஒரு கரண்டி விஷம் சாப்பிட்டார். ஊறவைத்த சோளம், தேன் தடவியது. இரண்டாவது கரண்டியைக் கேமரா கேட்காமலே சாப்பிட்டார். எதிர்க்கட்சித் தலைவர், மக்களுக்காகத் தாமும் விஷம் அருந்தத் தயார் என்று அறிவித்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் சபைச் சிற்றுண்டிச் சாலையில் விற்பனை படுத்துவிட்டதாகவும், உறுப்பினர்கள் சட்டைப் பையில் விஷம் வைத்துக்கொண்டு கொறித்ததாகவும் கேள்வி.

இவ்வளவு அமர்க்களத்திலும் ஒருவர் மட்டும் வீட்டுக்குத் திரும்பி, வரப்பில் தகரத்தைத் தட்டிக்கொண்டு, பூட்டோடு சேர்ந்து கத்திப் பன்றி விரட்டிக்கொண்டிருந்தார். சோளம் இடுப்புக்கு மேலே வளர்ந்திருந்தது. இன்னும் கதிர் பிடிக்கவில்லை. எப்படியாவது கதிர் பிடிக்கிறவரை காப்பாற்றிவிட்டால் போதும், மச்சான் ஸ்டூலை வேறு யாருக்காவது போட்டுக்கொள்ளட்டும் என்று தொண்டை கட்டக் கத்தினார்.

ஒரு காலையில் லாரிகள் வந்து நின்றன. விஷ அலுவலர் இறங்கினார். மெலிந்த மனிதர். பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கையிலிருந்த உத்தரவைப் பார்த்துத்தான் பேசுவார்.

"வணக்கம். முதல் கட்டமா உங்க நிலம் தேர்வாகி இருக்கு. வாழ்த்துகள். இந்தச் சோளத்தை அறுத்து அப்புறப்படுத்தணும்."

சோளக்காரருக்குப் புரியவில்லை. "எதைங்க?"

"நிக்குதே, இதைத்தான். பன்னி சோளத்தைத் தின்னுட்டா அப்புறம் விஷத்தை எப்படித் தின்னும்? வயித்துல இடம் வேண்டாமா? திட்டப் பகுதியில போட்டியா வேற தீனி இருக்கக் கூடாதுன்னு விதி."

"ஐயா, அந்தச் சோளத்தைக் காப்பாத்தத்தானே விஷம்?"

"அது நோக்கம். இது விதி. நோக்கம் முன்னுரையில இருக்கும். எங்களுக்கு முன்னுரை அனுப்பறதில்லை."

சோளக்காரர் சம்சாரம் அரிவாளோடு வாசலிலிருந்து வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கையில் இருந்ததோடு வந்துவிட்டாள். ஆனால் அலுவலர் ஓரடி பின்னால் போனார்.

"ஏன் தம்பி, உங்க வீட்ல சோறு பொங்கினா, எலி வந்துடும்னு சட்டியைக் கவுத்துடுவீங்களா?"

"அம்மா, எலி எங்க துறை இல்லைங்க."

"பன்னியாவது பாதியை விட்டு வச்சுது."

அலுவலர் உத்தரவைப் பார்த்தார். கையைக் காட்டினார். ஆட்கள் இறங்கினார்கள்.

மதியத்துக்குள் நிலம் மொட்டையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பன்றிகள் முயன்றும் முடியாததைத் துறை ஒரே வேளையில் முடித்துவிட்டது. பூட்டு குரைக்கவில்லை. வெட்டிப் போட்ட தட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து, சோளக்காரர் காலடியில் படுத்துக்கொண்டது. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். தகரமும் குச்சியும் இன்னும் கையில் இருந்தன. தட்டுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் சம்சாரம் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. போனும் சரியாக அப்போதுதான் அடித்தது.

"மாமா, சோளம் எப்படி இருக்கு?"

"படுத்துடுச்சு மச்சான்."

"அட பன்னியே!" என்றான் மச்சான். அவனுக்கு விவரம் தெரியாது. "சரி விடுங்க. ஸ்டூலுக்குப் புதுசா குஷன் போட்டுடறேன்."

மறுநாள் கிளம்புவதாக இருந்தார்கள். விஷ அலுவலர் விடவில்லை.

"நீங்க போகக் கூடாது. விஷத்துக்குக் காவல் வேணும். வேற யாரும் பக்கத்துல நிக்க மாட்டேங்கறாங்க, விஷம்னு பேரைக் கேட்டாலே ஓடறாங்க. உங்களை விஷக் காவலரா நியமிச்சிருக்கோம். விஷம் வேலையை முடிக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

அன்று விஷம் வைத்தார்கள். சட்டத்தில் உள்ளபடி, ஒரு எழுத்துப் பிசகாமல். முதலில் மண்ணைக் கிளறி ஈரமாக்கினார்கள். கயிறு பிடித்து வரிசை போட்டார்கள். சாணுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு மணி, விரல் ஆழம். மேலே மண்ணை மூடி, மக்கிய சாணம் தூவினார்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, செத்துவிடுவோமோ என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள்.

வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த சம்சாரத்தின் புருவம் மெல்ல ஏறியது. சோளக்காரர் காதருகே வந்தாள்.

"என்னங்க, இவங்க என்ன பண்றாங்க?"

"விஷம் வைக்கிறாங்க."

"எனக்கு வேற என்னமோ பண்ற மாதிரி தெரியுதே."

"எனக்கும்தான் தெரியுது. வாயைத் திறக்காதே. திறந்தா இதுக்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்துடுவாங்க."

ஆட்கள் அதோடு நிற்கவில்லை. அடுத்த லாரியிலிருந்து சிமென்ட் தூண்களையும் கம்பி வலைகளையும் இறக்கினார்கள். சோளக்காரர் எழுந்து நின்றார். யாரும் 'விவசாயி' என்று சொல்லாமலே.

"இது எதுக்குங்க?"

"விஷம் வச்ச இடத்துல ஆளோ மிருகமோ நுழையாதபடி சுத்தி வேலி போடணும். பொதுப் பாதுகாப்பு" என்றார் அலுவலர் உத்தரவைப் பார்த்து. "நல்ல ஆழமா நடச் சொல்லி இருக்காங்க. பன்னி முட்டினாலும் அசையக் கூடாதாம்."

சோளக்காரருக்கு நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. விழுங்கப் பார்த்தார். முடியவில்லை, அவர் சுபாவம் அப்படி.

"ஏங்க, அப்போ பன்னி எப்படி உள்ள வந்து விஷத்தைத் தின்னும்?"

அலுவலர் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். ரொம்பக் களைத்த கண்கள். "அதை நானும் கேட்டேன் பெரியவரே. மேலே அனுப்பி இருக்கேன். துணைக் குழு போட்டிருக்காங்க. பன்னிக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் தகராறு. முடிவு வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க." போகும்போது சாவியைக் கொடுத்தார். வேலியில் நாலா பக்கமும் மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகைகளை மாட்டிவிட்டுப் போனார்கள்.

மழை பெய்தது. விஷம் முளைத்தது.

விஷயம் தெரிந்து அமைச்சரே வந்துவிட்டார். பின்னாலேயே எதிர்க்கட்சித் தலைவர். வேலிக்கு வெளியே நின்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேலென்று, கயிறு பிடித்த வரிசையில், முழங்கால் உயரத்துக்கு விஷம் நின்றது. பன்றி ஒன்றையும் காணோம். விஷ அலுவலருக்கு வியர்த்தது.

"ஐயா, விஷம் வந்து... கொஞ்சம் வளர்ந்துடுச்சுங்க."

அமைச்சருக்கு ஒரு கணம் போதும் என்பது நமக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தார்.

"மற்ற நாடுகளில் விஷம் வைத்தால் அழிவு! நம் ஆட்சியில் விஷம் வைத்தால் வளர்ச்சி! கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பன்றி தெரிகிறதா? தெரியாது! தின்பதற்கு முன்பே பன்றியை ஓட வைத்த விஷம் உலகிலேயே இது ஒன்றுதான்!"

"இந்த விஷத்தை முதலில் விதைத்தவர்கள் நாங்கள்!" என்றார் எதிர்க்கட்சித் தலைவர். "அறுவடையை மட்டும் அவர் செய்யப் பார்க்கிறார்!"

வந்திருந்தவர்கள் தட்ட மேசை இல்லாமல் வேலியைத் தட்டினார்கள். அது அசையவே இல்லை. சோளக்காரர் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டார். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மண்டை ஓடு வரைந்திருந்ததே!

கூட்டம் கலைந்ததும் அலுவலர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: "பெரியவரே, சட்டத்துல இன்னொரு பிரிவு இருக்கு. விஷம் முத்திப் போச்சுன்னா அதைப் பாதுகாப்பா அப்புறப்படுத்த வேண்டியது காவலரோட பொறுப்பு. எப்படி அப்புறப்படுத்தினீங்கன்னு நாங்க கேக்கக் கூடாது. விஷயம் அபாயகரமானது பாருங்க."

"சரிங்க" என்றார் சோளக்காரர், கூடிய மட்டும் ஏழ்மையாக நின்று.

விஷம் இடுப்பளவு ஆனது. ஆளுயரம் ஆனது. தாத்தா பன்றி தன் பரிவாரத்தோடு வந்து வேலியை முட்டிப் பார்த்தது, முதுகைத் தேய்த்துப் பார்த்தது, கம்பி குத்தியது. வேறு வழியில்லாமல் பக்கத்து நிலத்துக் கிழங்குக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கிழங்குக்காரர், அழாக்குறையாக ஓடி வந்தார்.

"அண்ணே, என் கிழங்கெல்லாம் போச்சு. உங்களுக்கு மட்டும் வேலி போட்டுக் குடுத்திருக்காங்களே, நானும் வேலி கேட்டு மனுக் குடுக்கப் போறேன்."

"அவசரப்படாதே தம்பி. வேலி கேட்டா குடுக்க மாட்டாங்க. விஷம் கேளு."

"ஐயையோ, எங்க வீட்ல பூனை இருக்கே!"

"அதை மறக்காம சபையில சொல்லு. அதுதான் முக்கியம்."

சில வாரம் கழித்து மச்சான் போன் செய்தான். சோளக்காரர் நிலத்துக்குள் நின்று ஒரு கதிரின் தோலை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிகள் பால் பிடித்து, பல் வரிசைபோல் அடுக்காக இருந்தன. தோளில் போனை இடுக்கிக்கொண்டார்.

"மாமா, எப்பக் கிளம்பறீங்க? குஷன் போட்ட ஸ்டூலு தூசி படிஞ்சு கிடக்கு."

"வர முடியாது மச்சான். விஷம் கதிர் பிடிச்சிருக்கு."

மச்சான் குரலைத் தாழ்த்தி, "மாமா, போனை அக்காகிட்ட குடுங்க" என்றான்.

சம்சாரம் போனை வாங்கினாள்.

"அக்கா, மாமா எப்படி இருக்காரு? எதை எதையோ பேசறாரே. பயமா இருக்கு. நான் வேணா கிளம்பி வரட்டுமா?"

"வாடா, தாராளமா வா" என்றாள் அவள், காலடியில் எதையோ மென்றுகொண்டிருந்த பூட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே. "வரும்போது ஒரு பெரிய சாக்கு கொண்டு வா. கொஞ்சம் விஷம் தர்றேன், பிள்ளைங்களுக்கு அவிச்சுக் குடு."